மாதோட்ட நன்னகரும் மருவூர்ப்பாக்கமும்

குடியிருத்தற்குரிய ஊரைத் தேர்தல் பற்றிய எண்ணம் தமிழ் மக்களிடையே மிகப் பழமையானது. கோயில் இல்லாத ஊரிற் குடிபுகுதல் தகாது என்பது முதியோர் வழிவழிக் கூறிவரும் அறிவுரை. செல்வர், மறையோர், அரசன், ஆறு, மருத்துவர் ஆகிய ஐவகையும் இல்லாத இடத்தில் ஒருநாளும் தங்கலாகாது என்பது வடமொழி நீதிநூலார் கருத்து. இவ்விரு கூற்றும் ஏற்புடையனவே. ஆயினும் இரண்டிலும் ஒரு குறை உண்டு. அவ்வூரில் பசித்து வந்த வேற்றூரான் எங்கே உண்பான்? பிறமொழி பேசுவோன் எத்தெருவில் இடம்பெறுவான்? உழைத்துக் களைத்தோர் மாலைப் பொழுதில் எங்கே கூடிப் பாட்டுக் கேட்பர்? இவ்வினாக்களுக்கு அவற்றில் விடையில்லை. அறநூலார் விடுத்த இவ்வினாக்களைக் காவியப் புலவர் எடுத்துக்கொண்டனர். நகரைப் பாடிய தமிழ்ப் புலவர் மதிலையும் அரண்மனையையும் கோயிலையும் மட்டும் பாடவில்லை. பிட்டு விற்போரையும் உப்பு விற்போரையும் பாடினர். நகரின் எப்பகுதி வாழ்வதற்கு இனியது என்பதனை அறிய விழைவோர்க்கு அவர்தம் பாடல்கள் ஓர் அளவுகோலைத் தருகின்றன.

அவ்வளவுகோலைக் கொண்டு இலங்கையின் வடமேற்குக் கரையை நோக்குதல் பயனுடைத்து. மன்னார்த் தீவும் அதற்கு எதிரேயுள்ள பெருநிலக் கரையும் ஈழத்தின் மிகப் பழைய வாணிக வாயில்களுள் ஒன்றாய் விளங்கியவை. மாந்தை எனவும், மாதோட்டம் எனவும், பாளி நூல்களில் மகாதித்த எனவும் வழங்கிய துறைமுக நகரம் அப்பெருநிலக் கரையில் இருந்தது. திருக்கேதீச்சரம் என்னும் பாடல்பெற்ற தலம் அந்நகரினது. இத்தகைய நகரைப் பற்றிப் பிற்காலத்தார் எழுதிய கட்டுரைகள் பல. அவற்றுட் பெரும்பாலானவை தேவாரப் பதிகங்கள் இரண்டனையும் முன்வைத்து, கோயிற் சிறப்பை விரித்து, அவ்வளவில் முடிவடைகின்றன. கோயிலைச் சூழ்ந்திருந்த நகரம் எத்தகையது, அதன் தெருக்களில் யாவர் வாழ்ந்தனர், என்ன உண்டனர் என்னும் ஆராய்ச்சி அவற்றில் அருகியே காணப்படுகின்றது. இதனால் மாதோட்டம் என்பது ஒரு கோயிலின் பெயராகவே படிப்போர் மனத்திற் பதிந்துவிட்டது. இப்பிழை பதிகங்களின் பிழையன்று. பதிகங்களைப் படித்த முறையின் பிழை.

அளவுகோலை முதலில் வரையறுத்துக் கொள்ளுதல் தகும். அதற்குச் சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையினும் சிறந்த இடம் பிறிதில்லை. இளங்கோவடிகள் காவிரிப்பூம்பட்டினத்தை இரு பாக்கங்களாகப் பகுக்கின்றார். கடற்கரையை அடுத்தது மருவூர்ப்பாக்கம். அரசனும் பெருங்குடி வணிகரும் மறையோரும் மருத்துவரும் வாழ்வது பட்டினப்பாக்கம். செல்வமும் மதிப்பும் பட்டினப்பாக்கத்திலேயே உள்ளன. கோவலன் கண்ணகி ஆகியோரின் குலத்தார்க்குரிய இடமும் அதுவே. ஆயினும் அடிகள் முதலிற் பாடுவது மருவூர்ப்பாக்கத்தையேயாகும். அப்பகுதியில் அவர் காட்டும் நுணுக்கம் வியக்கத்தக்கது. யவனர் இருக்கையும், கடல்கடந்து வந்து பல மொழி பேசிக் கலந்துறைவோர் குடியிருப்பும் முதலில் வருகின்றன. அடுத்து நறுமணப்பொருள் விற்போர், பட்டு நெய்வோர், கூலம் குவித்த தெரு ஆகியன வருகின்றன. அதன்பின் பிட்டு விற்போர், அப்பம் விற்போர், கள் விற்போர், மீன் விற்கும் பரதவர், உப்பு விற்போர், வெற்றிலை விற்போர், எண்ணெய் விற்போர் என உணவோடு தொடர்புடையார் நிரல்பட வருகின்றனர். கன்னாரும் கொல்லரும் தச்சரும் தையற்காரரும் அவர்களைத் தொடர்கின்றனர்.

இந்நிரல் வெறும் பெயர்ப்பட்டியல் என்று ஒதுக்குவாரும் உளர். அவ்வாறு ஒதுக்குதல் பொருந்தாது. தொழில்களின் வரிசையிற் குழலிலும் யாழிலும் ஏழிசையையும் வழுவாது இசைக்க வல்ல பெரும்பாணர் இருக்கையையும் அடிகள் இப்பாக்கத்திலேயே வைக்கின்றார். இசை வல்லாருக்கு அரசவீதியில் இடம் இல்லாமற் போகவில்லை; கூத்தரும் பிறரும் பட்டினப்பாக்கத்திலும் கூறப்படுகின்றனர். எனினும் மரபு வழுவாத இசையின் இருப்பிடம் அப்பம் சுடும் அடுப்பும் மீன் விற்கும் கூடையும் உள்ள பகுதியே என்று காட்டியமை கருத்தின்றிச் செய்தது ஆகாது. வெளிநாட்டார், அடுப்பு, கைத்தொழில், இசை ஆகிய நான்கும் ஓரிடத்தில் அடுத்தடுத்து இருத்தலே உயிருள்ள நகர்ப்பகுதியின் இலக்கணம் என்பது இதனாற் பெறப்படும். இரு பாக்கங்களுக்கும் நடுவே மரநிழலில் நாளங்காடி நடைபெற்றது என்னும் செய்தி இவ்விலக்கணத்தை நிறைவு செய்கின்றது. செல்வரும் உழைப்போரும் எதிர்ப்படும் இடம் அங்காடியேயாகும்.

இவ்வாறு கூறுவதனால் அங்காடியை அடிகள் குற்றமற்ற இடமாகக் கருதினார் என்று கொள்ளுதல் கூடாது. மதுரைக் காண்டத்தில் ஊர்ப்பகுதியைத் தேரும் செயலே ஒரு சிக்கலாக வருகின்றது. மதிற்புறத்தே முனிவர் உறையும் சேரியில் தங்கிய கோவலனை, பொழுது சாயுமுன் நகர்க்குட் சென்று தன் குலத்து வணிகர் வாழும் பகுதியை அடையுமாறு மாடலனும் கவுந்தியும் கூறுகின்றனர். ஆயின் அவ்வேளையில் அங்கு வந்த ஆயர்மகள் மாதரியின் நன்மனம் கண்ட கவுந்தியடிகள், கண்ணகியை அவளிடமே அடைக்கலமாக ஒப்புவிக்கின்றார். செல்வர் தெருவா, நல்லோர் வாழும் எளிய தெருவா என்னும் வினாவுக்கு அவர் கண்ட விடை அது. புதுக்கலமும் காய்கறியும் அரிசியும் நெய்யும் ஆயர்குல மகளிர் வாயிலாக வருகின்றன. கண்ணகி தன் கையாற் சமைத்து வாழையிலையிற் கணவனுக்குப் படைக்கின்றாள். காவியம் முழுவதிலும் அவ்விருவர் இல்லறத்தின் நிறைவைக் காட்டும் காட்சி அதனினும் பிறிதில்லை. அடுத்து, கோவலன் சிலம்பு விற்கச் சென்ற பீடிகைத் தெருவிலே பொற்கொல்லன் எதிர்ப்படுகின்றான். அங்காடி வாழ்வளிப்பதும் உண்டு, வஞ்சிப்பதும் உண்டு. இரண்டையும் அறிந்தே இளங்கோ அதனைப் பாடினார். ஆதலின் அவர் தரும் அளவுகோல் நம்பத்தக்கது.

இனி மாதோட்டத்துக்கு வருதல் வேண்டும். திருக்கேதீச்சரத்தைச் சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டிலும் சுந்தரர் 8ஆம் நூற்றாண்டிலும் பாடினர். சம்பந்தர் பதிகம் இரண்டாந் திருமுறையிலும் சுந்தரர் பதிகம் ஏழாந் திருமுறையிலும் உள்ளன. இருவரும் ஊரைக் குறிக்க வழங்கும் சொல் நன்னகர் என்பது. அந்நகரின் நன்மையாக அவர்கள் காட்டுவன யாவை? மாவும் கமுகும் வாழையும் நெருங்கிய சோலைகள், வண்டின் ஒலி, மயிலின் ஆடல், இரைகின்ற கடல், கழி, சுந்தரர் பதிகத்தில் மரக்கலம் நிறைந்த துறையும் பாலாவிக் கரையும். இவை அழகிய காட்சிகள். எனினும் மருவூர்ப்பாக்கத்தைப் படித்தவர் இங்கே தேடுவது கிட்டுவதில்லை. கலங்கள் வருகின்றன, கலங்களிலிருந்து இறங்கியோர் காணப்படவில்லை. கனிமரங்கள் நிற்கின்றன, கனி விற்போர் காணப்படவில்லை.

இதற்குக் காரணம் யாது? பத்திப் பாடலில் அங்காடிக்கு இடமில்லை என்று எளிதாகக் கூறிவிடலாம். அவ்விடை முற்றும் பொருந்தாது. திருவையாற்றைப் பாடிய சம்பந்தர், அவ்வூரில் மகளிர் நடமாடுதலையும் முழவு அதிர்தலையும் பாடி, அம்முழவோசையை மழைமுழக்கம் என மயங்கிய மந்திகள் மரமேறி முகில் பார்த்தலையும் காட்டுகின்றார். ஊரின் ஓசையும் ஆரவாரமும் பதிகத்துக்குப் புறம்பான பொருளென்று அவர் கருதியிருந்தால் அவ்வாறு பாடியிருக்கமாட்டார். வேறுபாடு புலவரிடத்தில் இல்லை. புலவர் நின்ற இடத்தில் உள்ளது. சேக்கிழார் கூறும் வரலாற்றின்படி சம்பந்தரும் சுந்தரரும் இராமேச்சரத்தில் நின்றே கடலுக்கு அப்பாலுள்ள கேதீச்சரத்தைப் பாடினர். திருவையாற்றின் தெருவிற் காலால் நடந்தவர்க்கு முழவு கேட்டது. சேதுக்கரையில் நின்றவர்க்குக் கடலும் கலமும் சோலையுமே மனக்கண்ணிற் புலப்பட்டன. மாதோட்டப் பதிகங்கள் தொலைவிலிருந்து எழுந்த அன்பின் பாடல்கள். அத்தொலைவே அவற்றின் இனிமைக்கும் காரணம். அவற்றிற் காணப்படும் வெறுமைக்கும் காரணம். இதனை உணராது, பதிகங்கள் காட்டியதே முழு மாதோட்டம் எனக் கொள்ளுதல் புலவர்க்கும் நகருக்கும் ஒருங்கே நீதி செய்வதாகாது.

புலவர் காணாத தெருவைக் கல்வெட்டுக் காட்டுகின்றது. சோழராட்சிக் காலத்தில் மாதோட்டம் இராசராசபுரம் எனவும் பெயர் பெற்றது. தாழி குமரன் என்னும் சோழநாட்டு அதிகாரி அங்கு இராசராசேச்சரம் என்னும் கோயில் எடுப்பித்தமையை அக்காலக் கல்வெட்டொன்று கூறுகின்றது. நகரிலிருந்த இராசராசப் பெருந்தெரு என்னும் தெருவின் பெயரும் அதனால் அறியக் கிடக்கின்றது. திருவிராமேச்சரம் என்னும் மற்றொரு கோயிலின் அறக்கட்டளை பற்றிய கல்வெட்டில் மாதோட்டத்துச் சங்கரபாடியார், வெற்றிலை வாணியர், வாழைக்காய் வாணியர் ஆகியோர் குறிக்கப்படுகின்றனர். சங்கரபாடியார் என்போர் எண்ணெய் வாணிகர். இம்மூவகையாரையும் மருவூர்ப்பாக்கத்து நிரலோடு ஒப்பிட்டு நோக்குக. எண்ணெய் விற்போரும் வெற்றிலை விற்போரும் ஈரிடத்தும் உளர். சம்பந்தர் பாடிய வாழைத் தோட்டத்தின் காயைத் தெருவில் வைத்து விற்றவர் பெயர் கல்லில் உள்ளது. கோயில் விளக்கு எரிவதற்குரிய பொருள் அங்காடியில் வாணிகஞ் செய்வோர் கையில் ஒப்படைக்கப்பட்டிருந்தது என்பதும் கருதற்பாலது. கோயிலும் கடைத்தெருவும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. கோயிலை மட்டும் எடுத்துக்கொண்டு கடைத்தெருவை விடுத்தோர், விளக்கை எடுத்துக்கொண்டு எண்ணெயை விடுத்தோரை ஒப்பர்.

கல்வெட்டும் கூறாத ஒன்றை மண் கூறுகின்றது. மாந்தை மேட்டில் ஜோன் காசுவெல் தலைமையில் 1980ஆம் ஆண்டு தொடங்கிய அகழாய்வு 1984இல் உள்நாட்டுப் போர்ச்சூழலால் இடைநின்றது. அதன் விரிவான அறிக்கை 2013ஆம் ஆண்டிலேயே நூலாக வெளிவந்தது. சீனத்துப் பீங்கானும் மேலையாசியாவின் மெருகிட்ட மட்கலமும் அங்கே கிடைத்தன. பின்னர் 2009, 2010ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த அகழாய்வில் மண்ணை நீரில் அலசிப் பிரித்தெடுத்த கரிந்த தானியங்களும் விதைகளும் ஆராயப்பட்டன. அதன் முடிவுகள் 2018இல் வெளியிடப்பட்டன. மாந்தை மக்களின் அன்றாட உணவு அரிசியே என்பது அவற்றால் உறுதியாயிற்று. ஆயின் அரிசியோடு பிறவும் கிடைத்தன. கி.பி. 2ஆம் நூற்றாண்டளவினதான கோதுமை, 7ஆம் நூற்றாண்டளவினதான மிளகு, 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கும் 8ஆம் நூற்றாண்டின் இறுதிக்கும் இடைப்பட்ட காலத்துத் திராட்சை விதை, 10ஆம் 11ஆம் நூற்றாண்டளவினதான கிராம்பு ஆகியன அவை. வறண்ட அக்கரையிற் கோதுமையும் திராட்சையும் விளைவன அல்ல. மேற்கேயிருந்து கலமேறி வந்தவை. கிராம்பின் தாயகம் கிழக்கே மலுக்குத் தீவுகள். ஒரே நகரின் அடுக்களையில் மேற்றிசைக் கனியும் கீழ்த்திசைப் பூமொட்டும் உள்நாட்டு நெல்லும் கூடின.

இச்செய்தி பதிகத்தைப் படிக்கும் முறையை மாற்றவல்லது. சம்பந்தர் கேதீச்சரத்தைப் பாடிய அதே நூற்றாண்டில் அந்நகரில் மிளகு கையாளப்பட்டது. சுந்தரர் மரக்கலங்களைப் பாடிய நூற்றாண்டை ஒட்டி அங்கே யாரோ திராட்சையை உண்டு விதையை உமிழ்ந்தனர். சுந்தரர் கூறிய கலங்கள் அணிக்காகக் கூறப்பட்டவை அல்ல என்பது இதனால் தெளிவாகின்றது. பட்டினப்பாலை ஆசிரியர் காவிரிப்பூம்பட்டினத்துத் தெருவிற் குவிந்த பொருள்களை அடுக்குமிடத்து, ஈழத்திலிருந்து வந்த உணவையும் சேர்த்துக் கூறுகின்றார். ஈழத்து உணவு சோழர் துறைக்குச் சென்றது. பிறநாட்டு உணவு ஈழத்துத் துறைக்கு வந்தது. இக்கடலின் இரு கரையிலும் நகரம் என்பது பலநாட்டார் உண்ணும் இடமாகவே இருந்தது. ஆதலின் நன்னகர் என்னும் தேவாரச் சொல்லுக்குச் சோலையும் கடலும் மட்டுமன்றி, பெருந்தெருவும் அடுப்பும் பொருளாகக் கொள்ளப்படுதல் வேண்டும்.

மாதோட்டத் துறை 11ஆம் நூற்றாண்டுக்குப்பின் சிறப்பிழந்தது. பழங்கோயில் போர்த்துக்கேயர் காலத்தில் அழிந்தது. அதனை மீண்டும் எடுப்பிக்குமாறு ஆறுமுக நாவலர் 1872இல் விடுத்த வேண்டுகோளும், 1948இல் தோன்றிய திருப்பணிச் சபையின் உழைப்பும் யாவரும் அறிந்தவை. கோயில் மீண்டது, நகரம் மேடாகவே கிடக்கின்றது. அவ்வாறாயின் பழைய மாதோட்டத்துத் தெருவின் வழித்தோன்றல் இன்று எங்கே உள்ளது என்பது அடுத்து எழும் வினா. மன்னார்க் கரையிற் பழமையின் பெயரால் எடுத்துக்காட்டப்படும் இடங்கள் மூன்றை இளங்கோவின் அளவுகோலால் அளத்தல் இங்குப் பொருத்தமாகும்.

முதலாவது கோட்டை. போர்த்துக்கேயர் 1560இல் எடுத்து, 1658இல் ஒல்லாந்தரிடம் இழந்து, 1795இல் ஆங்கிலேயர் கைப்பட்ட மன்னார்க் கோட்டை, பெருநிலத்திலிருந்து பாலங் கடந்து தீவினுட் புகுவோர்க்கு முதற் காட்சியாக நிற்கின்றது. மதிலும் கொத்தளமும் உள. உள்ளே இடிந்த தேவாலயமும் வெறுமையும் உள. அது வரலாற்றுச் சின்னம் என்பதில் ஐயமில்லை. ஆயின் அது தோன்றிய நாள்முதல் ஊரை விலக்கி நிற்பதற்கென அமைந்தது. வேற்றுநாட்டார் அங்கே கலந்துறையவில்லை; காவலிருந்தனர். பழமை ஒன்றே வாழ்விடத்துக்குத் தகுதியாயின் கோட்டையே முதலிடம் பெறும். ஆயின் அடுப்பில்லாத பழமை குடியிருத்தற்கு ஆகாது.

இரண்டாவது முத்துக்குளிப்புப் பாசறை. சிலாவத்துறை, கொண்டச்சி, மரிச்சுக்கட்டி ஆகிய கரைகளில், குளிப்பு நிகழும் பருவத்தில், பல்லாயிரவர் திரண்டனர். கிடுகால் வேய்ந்த தெருக்கள் ஓரிரு வாரத்தில் எழுந்தன. தமிழகத்துக் கரையினின்றும் அரேபியக் கரையினின்றும் முத்துக்குளிப்போர் வந்தனர். வணிகரும் சோறு விற்போரும் கூத்தாடுவோரும் பின்தொடர்ந்தனர். அரிப்பிலே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில ஆள்பதி பிரடெரிக் நோர்த் எடுப்பித்த மாளிகையின் இடிபாடு அக்குளிப்பை மேற்பார்க்கும் ஆர்வத்துக்குச் சான்று. மரிச்சுக்கட்டியில் 1906இல் பணியாற்றிய லெனாட் வூல்ப் தம் வாழ்க்கை வரலாற்று நூலொன்றில் அப்பாசறை நகரை விரித்தெழுதியுள்ளார். பல மொழி, பல உணவு, இடையறாத ஆரவாரம் ஆகிய அனைத்தும் அங்கே இருந்தன. மருவூர்ப்பாக்கமே மீண்டெழுந்தது என்று ஒருவர் மயங்கவும் கூடும். ஆயின் குளிப்பு முடிந்ததும் கிடுகு பிரிக்கப்பட்டது, மணல் எஞ்சியது. சிப்பி அழுகிய நாற்றத்திற் பிறந்த அந்நகரத்தில் ஒரு தலைமுறையும் வளரவில்லை. பெரும்பாணர் இருக்கையை அரும்பெறல் மரபுடையது என்று சிறப்பித்த இளங்கோவின் பார்வையில், மரபு ஊன்றாத ஆரவாரம் நகரமாகாது.

மூன்றாவது பெரிதும் பேசப்படாதது; மன்னார்ப் பட்டினத்தின் கடைத்தெருப் பகுதி. அதன் சிறப்பை அறிய அதன் குறிச்சிப் பெயர்களே போதும். பெரியகடை, சின்னக்கடை, மூர்வீதி, உப்புக்குளம், பள்ளிமுனை என்பன அவை. அங்காடியின் பெயரால் இரண்டு. சோனகர் வாழ்ந்தமையால் ஒன்று. உப்பின் பெயரால் ஒன்று. மருவூர்ப்பாக்கத்தில் அடிகள் நிரல்படக் கூறிய அங்காடியும் கடல்கடந்தோர் இருக்கையும் உப்பும் இங்கே நிலப்பெயராய் நிலைத்துவிட்டன. புலவர் எவரும் பாடாமலே ஊரார் வாயில் உருவான காப்பியப் பகுதி இஃது எனலாம். சிறிய நிலப்பரப்பினுள் கோவிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் அமைந்துள்ளன. பள்ளிமுனையிற் பெருத்து நிற்கும் பெருக்கமரம் ஆபிரிக்காவைத் தாயகமாகவுடையது. அராபிய வணிகர் கொணர்ந்தது என்பது வழிவழிச் செய்தி. மரமுங்கூட அங்கே கலந்துறைகின்றது.

உணவின் திறத்தில் இப்பகுதி இளங்கோவின் நிரலுக்கு மேலும் நெருங்கி வருகின்றது. காழியர், கூவியர் என்னும் சொற்களுக்குப் பிட்டு வாணிகர், அப்ப வாணிகர் என உரையாசிரியர் பொருள் கூறினர். அவ்விரு பண்டமும் வட இலங்கையின் காலை மாலை உணவாக இன்றும் உள்ளன. புட்டும் ஆப்பமும் இடியப்பமும் சம்பலும் சொதியும், மீனும் நண்டும் இறாலும், பனங்கிழங்கிலிருந்து பெறும் ஒடியலும் அதனாற் காய்ச்சும் கூழும், வெயிலில் உணங்கிய கருவாடும் இத்தீவின் உணவுகள். சோனகர் இல்லத்து வட்டிலப்பத்தில் ஏலமும் கிராம்பும் மணக்கின்றன. மாந்தை மண்ணில் ஆயிரம் ஆண்டு புதைந்து கிடந்த கிராம்பு மன்னார்த் தீவின் அடுக்களையை விட்டுப் போகவில்லை என்பதனை இதனினும் தெளிவாகக் காட்டுவது அரிது. உண்டிச்சாலை ஒன்றின் மேசையில் மீனவரும் ஆசிரியரும் வண்டியோட்டியும் அருகருகே அமர்ந்து உண்ணும் இடத்தில், நாளங்காடியின் மரநிழல் வேறு உருவிற் புலப்படுகின்றது.

இசைக்கும் குறைவில்லை. மன்னார்ப் பகுதியின் நாட்டுக்கூத்து மாதோட்டப்பாங்கு, யாழ்ப்பாணப்பாங்கு என இரு மரபாக வழங்குவது. கடலோரத்துக் கத்தோலிக்க மக்கள் புனிதர் வரலாறுகளையும் அரசர் கதைகளையும் தமிழ்ச் சந்தத்தில் அமைத்து இரவிரவாக ஆடினர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மன்னார் நாடகங்களையும் நாட்டுப் பாடல்களையும் பதிப்பித்து வெளியிட்டமையால் இவை ஏட்டிலும் நிலைபெற்றன. இங்கே கவனிக்கத்தக்கது யாதெனின், துறைமுகம் மறைந்து பல நூற்றாண்டு கழிந்த பின்னரும் மாதோட்டம் என்னும் பெயர் ஓர் ஆடல்பாடல் மரபின் பெயராக வாழ்கின்றது என்பதாகும். சைவப் பதிகத்தின் நன்னகரும் கத்தோலிக்கக் கூத்தின் பாங்கும் ஒரே பெயரைத் தாங்குகின்றன. சமயம் மாறியும் இடத்தின் இசை மாறவில்லை. பெரும்பாணர் இருக்கையை அங்காடிக்கு அருகில் வைத்த இளங்கோவின் கருத்து இக்கரையில் மெய்ப்பட்டது.

இவ்வாறு கூறுமிடத்து ஒரு மறுப்பு எழுதல் கூடும். கடைத்தெருவின் கலந்துறைவு அத்துணை உறுதியானதாயின் அது குலைந்தது எங்ஙனம் என்று வினவலாம். 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். மன்னார்ப் பட்டினத்தாரும் எருக்கலம்பிட்டி முதலிய ஊரினரும் அவர்களுள் அடங்குவர். 2009இற் போர் முடிந்த பின்னரே பலர் மீண்டனர், மீளாதோரும் உளர். இவ்வரலாற்றை மறைத்து மன்னாரின் தெருவைப் புகழ்தல் பொய்யாகும். பீடிகைத் தெருவிற் பொற்கொல்லனைக் காட்டிய இளங்கோ அத்தகைய பொய்யைக் கூறவில்லை. ஆயின் இந்நிகழ்ச்சி மேற்கூறிய கருத்தை அழிப்பதன்று, அதனை வலியுறுத்துவதே. மூர்வீதி என்னும் பெயர் இருந்து சோனகர் இல்லாத காலத்தில் அத்தெரு ஒரு கோட்டையைப் போன்றதேயாகும்: சுவர் உண்டு, வாழ்வில்லை. கலந்துறைவு என்பது தானே நிலைப்பதன்று. ஒருவரையொருவர் அயலாராக ஏற்றுக்கொள்ளும் மனம் உள்ளவரை நிலைப்பது. மாதரியின் மனையைக் கவுந்தி தேர்ந்ததும் அம்மனத்தைக் கண்டேயாகும்.

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. திருக்கேதீச்சரப் பதிகங்கள் கடலுக்கு அப்பால் நின்ற அடியாரின் பாடல்கள். அவற்றை நகர வருணனையாகக் கொண்டு மாதோட்டத்தை அளத்தல் முறையன்று. நகரத்தை அறிவதற்குக் கல்வெட்டின் வாழைக்காய் வாணியரும் அகழாய்வின் திராட்சை விதையும் பதிகத்தோடு ஒருங்கு வைத்துப் படிக்கப்படல் வேண்டும். அவ்வாறு படிக்குங்கால் சிலப்பதிகாரத்து மருவூர்ப்பாக்கம் கற்பனை நகரமன்று, பாக்குநீரிணையின் இரு கரையிலும் வாழ்ந்த துறைமுக வாழ்வின் மெய்யுருவம் என்பது துணியப்படும். பழமையான நகரிற் குடியிருக்க விழைவோரும், பழமையைப் போற்றிக் காக்க முனைவோரும் கோட்டை மதிலோடும் கோயிற் கோபுரத்தோடும் நின்றுவிடாது, அவற்றின் நிழலிலுள்ள கடைத்தெருவையும் தேர்ந்து நோக்குதல் வேண்டும். மதிலுக்குக் காவலர் உளர். கோபுரத்துக்குத் திருப்பணி செய்வோர் உளர். புட்டு அவிக்கும் அடுப்பையும், அதனருகே ஒலிக்கும் மாதோட்டப்பாங்கையும், அவ்விரண்டையும் பகிர்ந்துகொள்ளும் அயலாரையும் காப்பதற்கு அவ்வூரில் வாழ்வோரையன்றி வேறு எவரும் இலர்.